மரிச்ச வீட்டில் போன் பிடித்தவர்

புதுக்கடைச் சந்திப்பில் பேருந்தை விட்டு இறங்கி மீன் சந்தைக்குப் போகும் வழியில், இடப்புறம் நாலாவது கடை ஆன்ட்ரூசுடையது. பலகையில் ‘ஷீஜா மொபைல்ஸ்’ என்று மனைவியின் பெயர் இருக்கும். கடைக்குள் ஷீஜா கால் வைப்பதில்லை. “எனக்குன்னு இந்த மனுசன் செஞ்சது அந்தப் போர்டு ஒண்ணுதான்” என்று அவள் சொல்வதும், அவர் அது காதில் விழாத மாதிரி ஸ்க்ரூ டிரைவரைத் தேடுவதும் அந்த வீட்டு வழக்கம். உடைந்த திரையை மாற்றுவார், சார்ஜ் ஏறாத போனைப் பிரித்து மேய்வார், ரீசார்ஜ் போடுவார். வயது ஐம்பதைத் தொட்டாயிற்று. தலையில் மயிர் போன இடத்தைத் தொப்பி போட்டு மறைக்கிற ஆள் அல்ல.

ஆனால் கடையை வைத்து மட்டும் ஊர் அவரை அறிந்திருக்கவில்லை. எங்காவது ஒரு மரணம் நடந்துவிட்டால், பந்தல்காரருக்கும் ஐஸ் பெட்டிக்காரருக்கும் ஆள் விடும்போதே, “ஆன்ட்ரூசுக்கும் ஒரு வார்த்த பறஞ்சிரு” என்பார்கள். இந்தப் பக்கத்தில் எந்த வீட்டை எடுத்துக்கொண்டாலும் பிள்ளைகளில் பாதிப் பேர் வெளிநாட்டில். எல்லாராலும் அடக்கத்துக்கு வந்து சேர முடிவதில்லை. வர முடியாதவனுக்கு வீடியோ காலில் எல்லாவற்றையும் காட்டவேண்டும். வீட்டுச் செபம், பாதிரியார் தண்ணீர் தெளிப்பது, ஒவ்வொருவராகக் குனிந்து கடைசி முத்தம் கொடுப்பது, முகத்தின் மேல் துணியைப் போட்டுப் பெட்டியை மூடுவது. அழுகிற வீட்டில் யாருக்குக் கை நிற்கும்? ஆன்ட்ரூசுக்கு நிற்கும். பெட்டியின் தலைமாட்டில் ஒரு மணி நேரம் ஆனாலும் அசையாமல் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கூலி வாங்கமாட்டார். பால் விடாத ஒரு கட்டன் சாயா மட்டும் குடிப்பார், அதையும் எல்லாம் முடிந்த பிறகு.

அவருக்கென்று சில பிடிவாதங்கள் உண்டு. மரித்தவர் வைத்திருந்த போனிலிருந்துதான் கூப்பிடுவார். குவைத்திலோ பஹ்ரைனிலோ மகன் கையில் போன் அடிக்கும்போது ‘அம்மா’ என்று பெயர் வரும். “கடைசியா ஒரு தடவ வரட்டு” என்பார். கேட்டவர்களுக்கு அது கொடுமையாகத் தோன்றும். பிறகு அந்தப் பிள்ளைகளே அவருக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள். எதையும் பதிவு செய்யமாட்டார். எடுத்து எடுத்துப் பார்த்து அழுவதற்கு அது என்ன கல்யாண வீடியோவா என்று கேட்பார். இன்னொன்று, அதுதான் முக்கியம்: அந்தப் பக்கத்தில் இருப்பவனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவார். “மக்கா, உனக்க கேமராவ ஆஃப் பண்ணிக்கோ. சத்தத்தையும் அடச்சிரு. நீ எங்களப் பாரு. நாங்க உன்னப் பாக்கண்டாம்.”

அந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. ஆன்ட்ரூஸ் சவுதியில், தமாமில் ஏசி மெக்கானிக்காக இருந்த காலத்தில் அவர் அம்மா போனாள். அப்போது இந்த வீடியோ கால் எல்லாம் கிடையாது. அடக்கத்தை ஸ்டுடியோக்காரர் படம் பிடித்து சிடியில் போட்டுக் கொடுத்திருந்தார். லீவு முடிந்து திரும்பிய ஒருவன் இருபத்திரண்டு நாள் கழித்து அதைக் கொண்டுவந்தான். அறையில் ஒன்பது பேர், ஒரே டிவி. எல்லாரும் அன்பாகச் சுற்றி உட்கார்ந்தார்கள். சிடி ஓடத் தொடங்கியதும் எட்டுப் பேரும் டிவியைப் பார்க்கவில்லை. ஆன்ட்ரூசின் முகத்தைப் பார்த்தார்கள். இவன் எப்போது அழுவான், எப்போது பிடித்துக்கொள்ளலாம் என்று. அவருக்கு அழுகை வரவில்லை. சாயா கொதிக்கிறது என்று சொல்லி எழுந்து அடுக்களைக்குப் போனார். அடுப்பில் ஒன்றும் இல்லை. திரும்பி வந்தபோது படம் முடிந்திருந்தது. மறுபடி போடச் சொல்ல வெட்கமாக இருந்தது. அந்த அழுகை இன்றுவரை அவருக்குள் எங்கோ இருக்கிறது. இன்னொருத்தனுக்கு அப்படி ஆகக்கூடாது என்பதுதான் அவர் பிடிவாதம்.

கடைக்கு வருகிற புகார்களில் அவருக்குப் பிடித்தமானது ஒன்று உண்டென்றால், அது ‘வீடியோ கால் வேற ஆளுக்குப் போவுது’ என்பதுதான். குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கிற குமாரதாஸ் ஒருநாள் வியர்க்க விறுவிறுக்க வந்தார். பெங்களூரில் இருக்கிற மகளைக் கூப்பிட்டால் சம்பந்தியம்மா வருகிறார். அதுவும் இவர் சட்டை இல்லாமல், தோர்த்துத் துண்டோடு திண்டில் சாய்ந்துகொண்டு கூப்பிடும்போது. ஆன்ட்ரூஸ் போனை வாங்கிப் பார்த்தார். மகள் பெயரின் கீழேயே மாமியார் வீட்டு எண்ணையும் யாரோ சேர்த்து வைத்திருந்தார்கள்.

“போனை ஆரு கையில குடுத்திய?”

“பேரன் கொஞ்சம் வச்சு வெளையாடினான்.”

“அப்ப சரி. இனி சட்ட போட்டுட்டுக் கூப்பிடுங்க.”

பாதிப் புகார்களுக்குப் பேரப்பிள்ளைகள்தான் காரணம். மீதிப் பாதிக்குக் காரணம் எண். ஒருவன் விட்டுவிட்ட எண்ணை கம்பெனிக்காரன் கொஞ்ச மாதம் சும்மா போட்டுவைத்துவிட்டு இன்னொருவனுக்குக் கொடுத்துவிடுகிறான். ஆள் மாறிப் போனது கூப்பிடுகிறவருக்குத் தெரிவதில்லை. பழைய எண்ணை அழி, புதியதைப் போடு. ஐந்து நிமிட வேலை.

ராகேலும் அப்படித்தான் வந்தாள். கடற்கரையிலிருந்து மீன் கொண்டுவந்து புதுக்கடைச் சந்தையில் விற்கிறவள். விதவை. மகள் பிரீனாவைப் பக்கத்து ஊரிலேயே கட்டிக்கொடுத்துவிட்டாள். மகன் லிஜின் ஏழு வருடமாக பஹ்ரைனில் மீன்பிடிப் படகில் இருக்கிறான். ராகேலின் கையில் இருந்த போன் அவன் அனுப்பியது. எழுத்துத் தெரியாதவள் என்பதால் அதில் லிஜினின் படத்தை வைத்து, தொட்டால் வீடியோ கால் போகும்படி செய்துகொடுத்ததும் ஆன்ட்ரூஸ்தான். திறப்பதற்கு விரலால் ஒரு கோடு இழுக்கச் சொல்லிக் கொடுத்தார். மேலிருந்து கீழே வந்து வலப்பக்கம் திரும்பவேண்டும். “இது எல்லுன்னு ஒரு எழுத்து அக்கா, லிஜினுக்க எழுத்து” என்றபோது, தனக்கும் ஓர் எழுத்துத் தெரியும் என்று சந்தை முழுவதும் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அன்று மீன் சருவத்தைக் கடை வாசலில் இறக்கிவைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

“பிள்ளே, எனக்க மவனத் தொட்டா வேற எவனோ வாறான்.”

“எப்படி ஆளு அக்கா?”

“தொப்பி வச்சவன். நீல உடுப்பு. என்னப் பாத்துச் சிரிக்கான்.”

“நீங்க என்ன செஞ்சிய?”

“நானும் சிரிச்சேன். பின்ன, எனக்க மவன எங்கலேன்னு கேட்டேன். அவன் ஏதோ பறையான், ஒரு எழவும் மனசிலாவல்ல.”

விசாரித்ததில் விஷயம் சாதாரணமானது. லிஜின் முதலாளி மாறியிருந்தான். பழைய சிம் பழைய அரபியின் பெயரில் இருந்ததால் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். புது எண்ணை பிரீனாவுக்குச் சொல்லியிருந்தான். ஆன்ட்ரூஸ் புது எண்ணை அதே படத்தோடு, அதே பெயரில் சேர்த்தார். பழையதை அழிக்கப் போனபோது ராகேல் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அத அழிக்காத மக்கா. அதுலதான் அவனுக்க ஒச்ச கெடக்கு.”

அவன் ஐந்து வருடமாகப் பேசி அனுப்பியிருந்த குரல் செய்திகள் எல்லாம் அந்த எண்ணின் கீழே இருந்தன. ஆன்ட்ரூஸ் ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். “அம்மா, கடலு சாந்தமாத்தான் கெடக்கு. நீ பேடிக்காத.” அடுத்ததைத் தொட்டார். அதுவும் அதேதான். கடல் எப்படிக் கிடக்கிறது என்று அவள் தினமும் கேட்பாளாம், அவன் தினமும் அதே பதிலை அனுப்புவானாம். புருசனைக் கடலில் விட்டவள் வேறு என்ன கேட்பாள்?

அழிக்காமல், போனின் முகப்பில் இரண்டு படங்களையும் மேலும் கீழுமாக வைத்தார். “மேல உள்ளது புதுசு, கீழ உள்ளது பழசு. கீழ உள்ளதத் தொடாதீங்கோ” என்றார். பெயரையாவது மாற்றி வைத்திருக்கலாம். படிக்கத் தெரியாதவளுக்குப் பெயர் என்னவாக இருந்தால் என்ன என்று அப்படியே விட்டுவிட்டார். ராகேல் பிரசங்கத்துக்குத் தலையாட்டுவது போல ஆட்டிவிட்டு, இரண்டு அயிலை மீன் எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த மாசியில் ராகேல் மரித்தாள். காலைப் பூசைக்குப் போய்விட்டு வந்து, நெஞ்சைக் கரிக்கிறது என்று படுத்தவள் எழும்பவில்லை. லிஜினின் அரபி ஊரில் இல்லை. லிஜினின் பாஸ்போர்ட் அந்த அரபியின் கையில். ஒரு நாள் வைத்திருந்து பார்த்தார்கள். வழி திறக்கவில்லை. மறுநாள் மூன்று மணிக்கு அடக்கம் என்று முடிவானது.

ஆன்ட்ரூஸ் காலையிலேயே தன் போனிலிருந்து லிஜினைக் கூப்பிட்டார். “இன்னைக்குக் கடலுக்குப் போவாத. கரையில இரு. மூணு மணிக்கு அம்மைக்க போன்லயிருந்து வருவேன். எடுத்தவுடனே கேமராவ ஆஃப் பண்ணிக்கோ.”

“சரி அண்ணா” என்றான். பிறகு, “அம்மைக்க மொகம் எப்படி இருக்கு?” என்று கேட்டான்.

“நல்லாத்தான் இருக்கு. நீ பாப்பியே.”

அந்த வாக்கைத்தான் அவரால் காப்பாற்ற முடியாமல் போனது.

மூன்று மணிக்கு வீட்டில் நிற்க இடம் இல்லை. பிரீனா கூட்டத்துக்கு நடுவில் கையை நீட்டி அம்மாவின் போனைக் கொடுத்தாள். பாதிரியார் வந்துவிட்டார், பாட்டு தொடங்கிவிட்டது. ஆன்ட்ரூஸ் விரலால் அந்த எழுத்தை இழுத்தார், கடைசியாகப் பேசியவர்களின் பட்டியலைத் திறந்தார். முதலில் லிஜினின் படமும் பெயரும் இருந்தன. தொட்டார். போனைப் பெட்டியின் பக்கம் திருப்பினார், இரண்டாவது மணியிலேயே எடுத்தாயிற்று. பாட்டு முடிந்து எட்டிப் பார்த்தபோது திரை கறுப்பு, சத்தம் இல்லை. சொன்னதைக் கேட்கிற பிள்ளை என்று நினைத்துக்கொண்டார்.

பிறகு எல்லாம் முறையாகத்தான் நடந்தது. சித்திமார் வந்து போனுக்கு முன்னால் நெஞ்சில் அடித்துக்கொண்டார்கள். “மக்கா, உனக்க அம்ம போறாளே, பாத்துக்கோ மக்கா” என்று அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்துக் கதறினார்கள். பிரீனா அம்மாவின் நெற்றியில் முத்தமிட்டுவிட்டு, “லிஜினுக்கும் சேத்து” என்று சொல்லி இன்னொரு முத்தம் கொடுத்தாள். ஆன்ட்ரூஸ் அதைக் கிட்டத்தில் காட்டினார். முகத்துணி போடுவதற்குமுன் ஒரு கணம் நிறுத்தச் சொல்லி, ராகேலின் முகத்தை மட்டும் திரை நிறைய வைத்துப் பிடித்தார். கோயிலுக்கும், அங்கிருந்து கல்லறைத் தோட்டத்துக்கும் போனைப் பிடித்தபடியே நடந்தார். பெட்டியைக் குழியில் இறக்கி முதல் பிடி மண் விழுந்த பிறகுதான் வீடியோ காலை நிறுத்தினார். ஒரு மணி பன்னிரண்டு நிமிடம்.

செபத்துக்காகச் சத்தம் அடைத்துவைத்திருந்த தன் போனைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தபோது, அதில் லிஜினின் முப்பத்தோரு அழைப்புகள் இருந்தன. கையில் இருக்கும்போதே முப்பத்திரண்டாவது வந்தது.

“அண்ணா, அம்மைய இன்னும் எடுக்கல்லியா? அங்க மணி நாலு கழிஞ்சாச்சே. அம்மைக்க போன் பிசியாவே இருக்கு. அக்காளும் எடுக்கல்ல.”

ஆன்ட்ரூசுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. “மக்கா, நீ பாத்துட்டுத்தான இருந்த?”

“எத அண்ணா?”

மண்வெட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது லிஜினுக்கும் கேட்டிருக்கவேண்டும்.

“பெட்டி மூடியாச்சா அண்ணா?”

“மூடியாச்சு மக்கா.”

அவன் அழவில்லை. மண்மேட்டையாவது காட்டட்டுமா என்று ஆன்ட்ரூஸ் கேட்டார். “அது வேண்டாம்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

எல்லாரும் போன பிறகு கல்லறைத் தோட்டத்து மதிலில் உட்கார்ந்து ஆன்ட்ரூஸ் ராகேலின் போனைத் திறந்தார். தப்பு எங்கே என்று தேடுவது அவருடைய தொழில். மூன்று மணிக்குப் பட்டியலில் மேலே இருந்தது பழைய எண். அது ஏன் மேலே வந்தது? ஏனென்றால் ராகேல் கடைசியாகப் பேசியது அந்த எண்ணில். மரிப்பதற்கு முந்தின நாள் பதினாறு நிமிடம். அதற்கு முந்தின நாள் ஒன்பது நிமிடம். கீழே தள்ளிக்கொண்டே போனார். தினமும். மாதக் கணக்கில். நடுநடுவே புது எண்ணும் இருந்தது. அதற்குப் போன அழைப்புகளில் பெரும்பாலானவை எடுக்கப்படாதவை.

அவர் பழைய எண்ணைக் கூப்பிட்டார். தொப்பி வைத்த, நீலச் சீருடை போட்ட ஒருவன் வந்தான். நாற்பது வயதிருக்கும். கண் வீங்கிச் சிவந்திருந்தது. தமாமில் கற்றுக்கொண்ட இந்தியில் ஆன்ட்ரூஸ் விசாரித்தார். பெயர் தில் பகதூர், நேபாளக்காரன், பஹ்ரைனில் மனாமாவில் ஒரு கட்டடத்துக்குக் காவல். முதலில் தப்பாக வந்த கால் என்று துண்டித்தானாம். அந்த அம்மா மறுபடி மறுபடி வந்தாளாம். அவள் பேச்சு இவனுக்குத் தெரியாது, இவன் பேச்சு அவளுக்குத் தெரியாது.

“கையை அலை மாதிரி ஆட்டிக் காட்டுவாங்க பாய். ஒருநாள் புரிஞ்சுது. போனை மாடிக்குக் கொண்டுபோய்க் கடலைக் காட்டினேன். அப்புறம் தினமும் அதுதான். பேசாம பார்த்துட்டே இருப்பாங்க. கும்பிட்டுட்டு வெச்சிருவாங்க.” சட்டென்று அவன் தமிழில் சொன்னான்: “கடலு எப்படி கெடக்கு?” மறுபடி இந்தியில், “இதைத்தான் கேப்பாங்க.”

“இன்னைக்கு ஏன் நீ கட் பண்ணல்ல?”

“எல்லாரும் என்னைப் பார்த்து அழுதாங்க பாய். எப்படிக் கட் பண்ணுவேன்? பெட்டியைப் பார்த்ததுமே எனக்கும் அழுகை வந்துச்சு, கேமராவை மூடிக்கிட்டேன்.”

ஆன்ட்ரூசுக்கு எல்லாம் விளங்கியது. ராகேலுக்கு விரல் தவறவில்லை. எது பழசு, எது புதுசு என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. முகப்பில் மேலே உள்ள படத்தைத் தொட்டால் மகன் எடுக்கமாட்டான். படகு நாலைந்து நாள் கடலில் கிடக்கும், அங்கே சிக்னல் கிடையாது. கீழே உள்ளதைத் தொட்டால் மகன் கிடக்கிற கடலாவது தெரியும். அவள் கடலைப் பார்க்கத்தான் கூப்பிட்டாள்.

இதை லிஜினிடம் சொல்லலாமா? சொன்னால் தன் மேல் உள்ள பழி பாதி இறங்கும். அம்மா தினமும் கூப்பிட்டது அந்த நேபாளக்காரனை, அதனால்தான் அந்த எண் பட்டியலில் மேலே இருந்தது, உன்னைக் கூப்பிட்டபோது நீ எடுக்கவில்லை. இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறவனிடம் அந்த உண்மையைச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. அடுத்த நாள் அவன் கூப்பிட்டுக் கேட்டபோது, “கை தவறிப் போச்சு மக்கா. எனக்க பிழதான்” என்றார்.

“உங்கள நம்பித்தான அண்ணா இருந்தேன்” என்றான் அவன். கத்தியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

செய்தி பரவியது. ஆன்ட்ரூஸ் எவனோ ஒரு வெளியூர்க்காரனுக்கு அடக்கத்தைக் காட்டிவிட்டார் என்று சந்தையில் சிரித்தார்கள். குடித்திருந்தார் என்றுகூடப் பேச்சு வந்தது. குடிக்காத மனிதருக்கு அது பெரிய அநியாயம். மரித்த வீடுகளிலிருந்து ஆள் வருவது நின்றது. பழைய பழக்கத்தில் ஒருவர் வந்து கூப்பிட்டபோதும், கை நடுங்குகிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார். அது பொய்யும் அல்ல. “அந்தப் பய கிட்ட நடந்ததச் சொன்னா உங்களுக்கு என்ன?” என்று ஷீஜா அடுக்களையிலிருந்து கத்துவாள். அவர் ஸ்க்ரூ டிரைவரைத் தேடுவார்.

ராகேலின் போன் பிரீனாவின் அலமாரியில் துணிகளுக்கு அடியில் ஏழு மாதம் கிடந்தது.

ஓணம் கழிந்த வாரத்தில் லிஜின் லீவில் வந்தான். முதலில் கல்லறைக்குப் போனான், மறுநாள் கடைக்கு வந்தான். மெலிந்திருந்தான். வணக்கமும் சொல்லவில்லை, உட்காரவும் இல்லை. போனை மேசையில் வைத்தான்.

“சார்ஜ் போட்டேன். தொறக்க ஏதோ கோடு கேக்குது. அக்காளுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்னு பறஞ்சா.”

“இதுல உனக்கு என்ன வேணும்?”

“அம்மைக்க போட்டோ ஏதாவது கெடக்கும். பாக்கணும்.”

மறந்துபோச்சு என்று சொல்லியிருக்கலாம். ஆன்ட்ரூஸ் அப்படிச் சொல்லாமல், “ஒரு மணிக்கூறு கழிஞ்சு வா” என்றார். அவன் போனதும் போனைத் திறந்து முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பழைய எண்ணை அழித்துவிட்டால் போதும். அந்த அழைப்புகள் எல்லாம் போய்விடும், லிஜினுக்கு ஒன்றும் தெரியவராது. ஆனால் அதோடு அவன் குரலும் போய்விடும். ராகேல் மீன் நாறும் கையால் பிடித்துத் தடுத்தது நினைவுக்கு வந்தது. அழிப்பது ஐந்து நிமிட வேலை. ஒரு மணி நேரமும் அவர் அதைச் செய்யாமல் உட்கார்ந்திருந்தார்.

லிஜின் திரும்பி வந்தபோது போனை அப்படியே கொடுத்தார். “இது எல்லு” என்று கோட்டை இழுத்துக் காட்டினார். “உனக்க எழுத்துன்னு சொல்லிக் கொடுத்தேன்.”

அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான். போட்டோக்கள் அதிகம் இல்லை. மீன், கோயில் கொடியேற்றம், பாதி முகம். பிறகு தன்னுடைய குரலைக் கண்டுபிடித்தான். “அம்மா, கடலு சாந்தமாத்தான் கெடக்கு. நீ பேடிக்காத.” ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டான். குரல்கள் முடிந்தபின் கீழே வீடியோ கால்கள் தொடங்கின. அவன் விரல் நின்றது.

“இது எனக்க பழைய நம்பரு. இதுல அம்ம ஆருகிட்ட அண்ணா இவ்வளவு பேசியிருக்கா?”

ஆன்ட்ரூஸ் சொன்னார். கூட்டாமல் குறைக்காமல், தில் பகதூர் சொன்னதை எல்லாம் சொன்னார்.

“எல்லா நேரமும் நான் கடல்ல இல்ல அண்ணா” என்றான் லிஜின். “கரையில இருக்கும்போகூட எடுக்காம விட்டிருக்கேன். ஒறக்கம் வரும். எப்பவும் ஒரே கேள்விதானே, நாளைக்குப் பறயலாம்னு விட்டுருவேன்.” பிறகு, “நீங்க ஏன் இத அன்னைக்கே பறயல்ல?” என்றான்.

“பறஞ்சா உனக்கு என்ன கிட்டும் மக்கா?”

அவன் அந்த எண்ணைத் தொட்டான். மணி போகத் தொடங்கியதும் பெருவிரலால் கேமராவை மூடிக்கொண்டான். இந்தத் தடவை யாரும் சொல்லவில்லை.

தில் பகதூர் எடுத்தான். மரித்த அம்மாவின் எண்ணிலிருந்து வீடியோ கால், இருட்டான திரை. அவன் முகம் வெளிறியது. யார் என்று இந்தியில் இரண்டு முறை கேட்டான். அவன் தொப்பியைக் கழற்றினான். பிறகு போனைக் கையில் பிடித்தபடி படியேறுவது தெரிந்தது. சுவர், கம்பிக் கதவு, வெயில். கேமராவைத் திருப்பினான். கடல் தெரிந்தது. மத்தியான வெயிலில், அலை இல்லாமல், ஓரத்தில் வரிசையாகக் கட்டிய மீன்பிடிப் படகுகளோடு.

“கடலு எப்படி கெடக்கு?” என்றான் தில் பகதூர், அவனுக்குத் தெரிந்த அந்த ஒரே வரியை.

“அந்தப் பச்ச கலர் போட்டு” என்று லிஜின் ஆன்ட்ரூசிடம் ஒரு படகை விரலால் காட்டினான். “அது எனக்க போட்டு அண்ணா. அங்கதான் கட்டிப் போடுவோம். அம்ம பாக்கும்போ நான் அங்க படுத்து ஒறங்கிட்டுத்தான் இருந்திருக்கேன்.”

அவன் போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். கேமராவை மூடிய விரலை எடுக்கவில்லை.

“சாந்தமாத்தான் கெடக்கு அம்மா” என்றான். அதற்கு மேல் அவனால் முடியவில்லை.

ஆன்ட்ரூஸ் எழுந்து வெளியே வந்து, கடை ஷட்டரைப் பாதிக்குமேல் இறக்கிவிட்டார். தெருவைப் பார்த்து நின்றுகொண்டு, போன் சரிசெய்ய வந்தவர்களிடம் நாளைக்கு வாருங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.